பட்டாலியனிலிருந்து பின்னோக்கி: 28 மி.மீ. நெப்போலியன் கால உருவ வரிசையைத் திட்டமிடுவது எப்படி

மேசைமேல் போர் விளையாட்டு ஆடுபவர்களுக்காகச் சிறு உலோக வீரர்களை வார்க்கும் மினியேச்சர் நிறுவனங்களின் பட்டியல்களைப் புரட்டினால் பாதியில் நின்றுபோன வரிசைகள் நிறையக் கண்ணில் படும். குதிரைமேல் கம்பீரமாக ஒரு கர்னல் இருப்பார், ஆனால் டிரம்மர் இருக்க மாட்டான். சுடும் நிலையில் வீரர்கள் இருப்பார்கள், அணிவகுத்து நடக்கும் நிலையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். சிற்பியின் திறமையில் குறை இருக்காது. எதை முதலில் செய்தால் வாங்குபவர் ஒரு முழுப் படை அலகை மேசையில் நிறுத்த முடியும் என்ற கணக்கை யாரும் போட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் பட்டாலியனிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும்: பட்டாலியன், அதிலிருந்து பாக்கெட், அதிலிருந்து அச்சு, கடைசியில்தான் சிற்பம்.

எடுத்துக்காட்டாக 1808 முதல் 1814 வரை நெப்போலியனின் படைகளுக்கு எதிராக நடந்த ஐபீரியத் தீபகற்பப் போரில் ஈடுபட்ட போர்த்துகீசியக் காலாட்படையை எடுத்துக்கொள்வோம். அளவு 28 மி.மீ., பொருள் வெள்ளீயக் கலவை. இந்தப் படைக்கு ஏற்கெனவே பல நிறுவனங்களின் உருவங்கள் கிடைக்கின்றன. இருந்தாலும் திட்டமிடல் கற்க இது வசதியான படை: சீருடை எளிது, அமைப்பு ஒழுங்கானது, வெலிங்டனின் பிரிட்டிஷ் படையை வைத்திருக்கும் ஒவ்வொரு விளையாட்டாளருக்கும் பக்கத்தில் நிறுத்த இது தேவைப்படும்.

அலகைப் பிரித்துப் பாருங்கள்

போர்த்துகலில் 24 வரிசைக் காலாட்படை (அணியாக நின்று போரிடும் காலாட்படை) ரெஜிமெண்டுகள். ஒவ்வொன்றிலும் 2 பட்டாலியன், ஒவ்வொரு பட்டாலியனிலும் 5 கம்பெனி: 1 கிரெனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), 4 ஃபியூசிலியர் (சாதாரண வீரர்கள்). பிரிட்டிஷ் பட்டாலியனில் இருக்கும் இலகு கம்பெனி இங்கே கிடையாது. முன்னால் சிதறி நின்று சுடும் வேலை கசடோர் என்ற இலகு காலாட்படைப் பட்டாலியன்களுடையது. 1808இல் 6 ஆகத் தொடங்கிய கசடோர் பட்டாலியன்கள் 1811க்குள் 12 ஆயின. பிரிகேட் என்பது பெரும்பாலும் இரண்டு வரிசை ரெஜிமெண்டும் ஒரு கசடோர் பட்டாலியனும் சேர்ந்தது. பிரிட்டிஷ் தளபதி டெனிஸ் பாக்கின் பிரிகேடில் 1ஆம், 16ஆம் ரெஜிமெண்டுகளும் 4ஆம் கசடோரும் இருந்தன.

இந்த ஒரு பத்தியிலேயே வரிசையின் எலும்புக்கூடு இருக்கிறது. ஓர் உருவம் சுமார் 20 வீரர்களுக்கு என்று வைத்தால், களத்தில் 450, 500 பேருடன் நின்ற பட்டாலியனுக்கு 24 உருவம் போதும்: 16 ஃபியூசிலியர், 4 கிரெனடியர், 4 தலைமை உருவங்கள். தலைமை நால்வர்: அதிகாரி, கொடியதிகாரி, சார்ஜெண்ட், டிரம்மர். கவனிக்க வேண்டியது கொடி. பிரிட்டிஷ் பட்டாலியன் இரண்டு கொடி ஏந்தும். போர்த்துகீசிய ரெஜிமெண்டின் இரண்டு கொடிகளோ பட்டாலியனுக்கு ஒன்றாகப் பிரிந்துவிடும். பிரிட்டிஷ் பாக்கெட்டின் பழக்கத்தில் இரண்டு கொடியதிகாரிகளைப் போட்டால் ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஓர் உருவம் வீணாகும்.

இப்போது பாக்கெட். தலைமை 4, கிரெனடியர் 4, ஃபியூசிலியர் 8. ஒரு பட்டாலியனுக்கு 1 + 1 + 2 பாக்கெட், மிச்சம் ஏதுமில்லை. ஃபியூசிலியரை ஆறாறாக விற்றால் 16க்கு மூன்று பாக்கெட் வாங்கி இரண்டு உருவம் மிஞ்சும். ஒவ்வொரு பட்டாலியனாக வாங்கினால் நான்கு பட்டாலியனுக்கு எட்டு. வாங்குபவர் இதைக் கட்டாயம் கவனிப்பார், எரிச்சலும் படுவார். பாக்கெட் எண்ணிக்கையை விளையாட்டு விதிநூல்கள் சொல்லும் பேஸ் (உருவங்களை ஒட்டும் அடித்தட்டு) அளவோடும் ஒத்துப்பாருங்கள். ஆறு உருவம் ஒரு பேஸில் நிற்பது பரவலான வழக்கம், 24 அதற்கு நான்கு பேஸாக வகுபடும். நான்கு, எட்டு என்று நிறுத்துபவர்களுக்கும் வகுபடும். 20 என்ற எண் ஆறுக்கு ஒத்துவராது.

சிற்பிக்கு எது, தூரிகைக்கு எது

சீருடை ஆராய்ச்சி கடல். கரையிலேயே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள்: வடிவம் மாறினால் சிற்பியின் வேலை, நிறம் மட்டும் மாறினால் தூரிகை பிடிப்பவரின் வேலை. 24 ரெஜிமெண்டுகளும் கழுத்துப்பட்டி, கைவிளிம்பு, ஓரக்கோடு ஆகியவற்றின் நிறத்தால்தான் வேறுபட்டன. எனவே ஒரே உடல் 24க்கும் போதும். தொப்பித் தகட்டில் ரெஜிமெண்ட் எண்ணைச் செதுக்கச் சொல்லாதீர்கள். செதுக்கினால் 23 ரெஜிமெண்டுகள் தவறாகிவிடும், அந்த அளவில் எண்ணும் தெளிவாக வராது. தகடு வெறுமையாக இருக்கட்டும்.

வடிவம் மாறும் இடங்களை மட்டும் பட்டியலிடுங்கள். போர்த்துகீசியருக்கு அது குட்டிப் பட்டியல்தான்.

முதலாவது தொப்பி. 1806 சீருடை ஆணையில் வந்த பாரெத்தினாவின் முன்பக்கம் மேலே உயர்ந்திருக்கும், இடப்பக்கம் இறகு, சுற்றிலும் கயிறு. 1811 வாக்கில் பிரிட்டனிலிருந்து வந்த நேரான உருளைத் தொப்பி அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. இரண்டும் சில காலம் கலந்தே இருந்தன.

இரண்டாவது மார்பு. ஒற்றை வரிசைப் பொத்தான், பொத்தானைச் சுற்றி நாடா வளையம் இல்லை. பிரிட்டிஷ் வீரனின் மார்பில் நாடா வளையங்கள் வரிசையாக இருக்கும். கையில் இருக்கும் பிரிட்டிஷ் உடலுக்குப் புதுத் தலை வைத்துப் போர்த்துகீசியன் என்று விற்க முடியாததற்குக் காரணம் இந்த மார்புதான். விஷயம் தெரிந்தவர் முதல் படத்திலேயே பிடித்துவிடுவார்.

மூன்றாவது தோள். கிரெனடியருக்குத் தோளில் குஞ்சம் உண்டு, ஃபியூசிலியருக்கு வெறும் பட்டி.

கசடோர் தனிக்கதை. பழுப்புச் சட்டை, மார்பின் குறுக்கே பின்னல். இது வடிவ வேறுபாடு, ஆகவே தனி உடல் தேவை. பட்டாலியனில் ஒரு கம்பெனி அதிரடோர் (குறிபார்த்துச் சுடுவோர்) எனப்பட்டது, அவர்கள் கையில் பேக்கர் ரைஃபிள்.

ஆதாரங்களைத் தரம் பிரிக்கும்போது மிஞ்சியிருக்கும் துணியும் தொப்பியும் முதலில், ஆணைகள் அடுத்து, அந்தக் காலத்திலேயே வரையப்பட்ட படங்கள் மூன்றாவது. டெனிஸ் டைட்டன் வரைந்த போர்த்துகீசிய வீரர்களின் நீர்வண்ணப் படங்கள் இந்த வகை. நூறு ஆண்டு கழித்து வரையப்பட்ட வண்ணச் சித்திரங்கள் கடைசி. ஆணை என்ன அணியச் சொன்னது என்பதைக் காட்டும், களத்தில் என்ன அணிந்தார்கள் என்பதைக் காட்டாது. வரிசையில் பாதி உருவங்களுக்கு ஒட்டுப்போட்ட கால்சட்டையும் சுருண்ட போர்வையும் கொடுப்பது நல்லது. எல்லோரும் அணிவகுப்பு மைதானத்திலிருந்து நேராக வந்ததுபோல் நின்றால் வண்ணம் தீட்டுபவருக்கே அலுத்துவிடும்.

அளவுக் கணக்கு

28 மி.மீ. என்றால் பாதத்திலிருந்து கண் வரை. 168 செ.மீ. உயரமுள்ளவனின் கண் சுமார் 156 செ.மீ. உயரத்தில் இருக்கும். 1:56 விகிதத்தில் அது 28 மி.மீ. ஆகிறது. இந்த 1:56ஐ எழுதி வைத்துச் சிற்பிக்குக் கொடுங்கள். "28" என்று மட்டும் சொன்னால் ஒருவர் உச்சந்தலை வரை அளப்பார், இன்னொருவர் தொப்பி வரை அளப்பார், மூன்றாவது தொகுதி வரும்போது உங்கள் கிரெனடியர்கள் ராட்சதர்களாக நிற்பார்கள்.

ஆயுதங்களை இந்த விகிதத்தில் வகுத்துப் பாருங்கள். போர்த்துகீசியர் ஏந்திய பிரிட்டிஷ் இந்தியா பேட்டர்ன் மஸ்கட்டின் நீளம் சுமார் 140 செ.மீ., அதாவது 25 மி.மீ. பிரெஞ்சு 1777 மாதிரி 151 செ.மீ.க்குச் சற்று மேல், அதாவது 27 மி.மீ. பேக்கர் ரைஃபிள் சுமார் 116 செ.மீ., 21 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. (இந்தியா பேட்டர்ன் பெயருக்கு ஏற்ப இந்தியாவோடு தொடர்புடையதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்காகச் செய்வித்த துப்பாக்கி அது. பிரான்ஸோடு போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு அதைக் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொண்டு, பிறகு தன் மாதிரியாகவே ஆக்கிக்கொண்டது.) பிரெஞ்சு வரிசைக்குச் செய்த துப்பாக்கியை இங்கே ஒட்டினால் 2 மி.மீ. நீண்டுவிடும். கேட்க அற்பம், பக்கத்தில் பிரிட்டிஷ் உருவத்தை நிறுத்தினால் உறுத்தும்.

நீளத்தைச் சரியாக வைக்கலாம், தடிமனை வைக்க முடியாது. 2 செ.மீ. சொச்சம் தடிமனுள்ள குழல் 1:56இல் 0.4 மி.மீ. அதில் உலோகம் பாயாது, பாய்ந்தாலும் விரல் பட்டால் வளையும். குறைந்தது 1 மி.மீ. வேண்டும். துப்பாக்கி முனையில் பொருத்தும் 43 செ.மீ. பயனெட் கத்தி 7.7 மி.மீ. வருகிறது. இதை அரை மி.மீ. சுருக்கி, அடியில் தடித்து நுனியில் கூர்மையாக வைத்தால் அச்சிலிருந்து முழுதாக வெளிவரும். துப்பாக்கி தோளில் சாய்ந்திருக்கும் நிலையில் பயனெட் தொப்பிக்கு மேலே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொப்பியின் பக்கத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்தால் பாக்கெட்டில் வளையாது.

அகலமும் முக்கியம். 40 மி.மீ. பேஸில் மூன்று பேர் வரிசையாக நிற்க வேண்டுமானால் ஒருவருக்கு 13 மி.மீ.தான். முழங்கை விரித்த உருவம் தனியாக அழகு, வரிசையில் இடிக்கும். சிற்பி செய்த மூல உருவத்தை ஏற்பதற்கு முன் மூன்று நகலை 40 மி.மீ. அட்டையில் நிறுத்திப் பாருங்கள்.

சுருக்கத்தை மறக்காதீர்கள். சிற்பத்திலிருந்து எடுக்கும் மூல அச்சில் ஒருமுறை, அதன் வார்ப்புகளிலிருந்து எடுக்கும் உற்பத்தி அச்சில் ஒருமுறை என்று இரண்டு தலைமுறை கடந்துதான் உருவம் வாங்குபவரிடம் போகிறது. ரப்பரும் சுருங்கும், உலோகமும் சுருங்கும். எவ்வளவு என்பது ரப்பரையும் கலவையையும் பொறுத்தது, எனவே யார் சொன்ன எண்ணையும் நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள்: 50 மி.மீ. நீளத் தண்டு ஒன்றை இரண்டு அச்சுகள் வழியாகவும் வார்த்து எடுத்து காலிப்பரில் அளந்தால் விடை வந்துவிடும். அந்தச் சதவீதத்தைச் சிற்பத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை சிற்பம்?

நடக்கும் ஃபியூசிலியர் 4 விதம், கிரெனடியர் 2 விதம், தலைமை 4. மொத்தம் 10. இரண்டு தொப்பிக்கும் செய்தால் 20. ஆனால் 20 உடலுக்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை. தலையில்லாத 10 உடல்களை முதலில் செய்து உலோகத்தில் வார்த்துக்கொள்ளுங்கள். அந்த வார்ப்புகள்மேல் சிற்பி பாரெத்தினாத் தலை வைத்தால் ஒரு தொகுதி, உருளைத் தொப்பித் தலை வைத்தால் மறு தொகுதி. தலையைத் திருப்புவதாலும் ஒரு கையை மாற்றுவதாலும் நான்கு உடலிலிருந்து எட்டு வேறுபட்ட ஆட்கள் கிடைப்பார்கள்.

தலைகளைத் தனியாக விற்று வாங்குபவரே ஒட்டிக்கொள்ளட்டும் என்பது இன்னொரு வழி. மாற்றியமைக்கும் ஆர்வமுள்ளவர்கள் விரும்புவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களுள்ள பிரிகேடை ஒட்ட வேண்டியவர் திட்டுவார். வரிசைப்படைக்கு ஒட்டிய தலை, அதிகாரிகளுக்கும் கசடோருக்கும் தனித் தலை என்று பிரிப்பது நியாயமான நடுவழி. தனித் தலையென்றால் கழுத்தைத் தட்டையாக வெட்டாதீர்கள். அக்காலக் கழுத்துப்பட்டி உயரமானது, அதன் உள்ளே குழி தோண்டித் தலை இறங்கும்படி செய்தால் இடைவெளி தெரியாது.

எந்தத் தொப்பி முதலில்? சாலமான்கா 1812, விட்டோரியா 1813, துலூஸ் 1814 என்று உருளைத் தொப்பிக் காலத்தில் போர்கள் அதிகம். இருந்தும் பாரெத்தினாவை முதலில் விடுவதே சரி. உருளைத் தொப்பித் தலையைப் பிரிட்டிஷ் உருவத்திலிருந்து வெட்டி எடுத்து வாங்குபவர் சமாளித்துக்கொள்வார். பாரெத்தினாவுக்கு அந்த வசதி இல்லை. 1810 புசாக்கோவுக்கும் 1811 அல்புவேராவுக்கும் அது கட்டாயம் வேண்டும்.

நடக்கும் நிலையை முடித்த பிறகே சுடும் நிலை. சுடும் பாக்கெட்டில் சுடுபவர்களை மட்டும் போடாதீர்கள். தோட்டாவைக் கடிப்பவன், கம்பியால் திணிப்பவன், குறிபார்ப்பவன், காத்திருப்பவன் எல்லோரும் சேர்ந்தால்தான் இரண்டு வரிசையில் நின்று மாறிமாறிச் சுடும் அணி தெரியும்.

பணக் கணக்கு

ஓர் உருவத்தின் சிற்பக் கூலி 150 பவுண்ட் என்றும், உலோகம், அட்டை, வரி எல்லாம் போக ஒரு வார்ப்பில் 60 பென்ஸ் மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வழி ஒன்றுதான். கூலி திரும்ப ஓர் உருவம் 250 முறை விற்க வேண்டும். நான்கு ஃபியூசிலியர்களில் ஒவ்வொருவரும் பட்டாலியனுக்கு நான்கு முறை வருவதால் 63 பட்டாலியனில் கூலி திரும்பிவிடும். டிரம்மர் பட்டாலியனுக்கு ஒருவன், அவனுக்கு 250 பட்டாலியன் விற்க வேண்டும். உருவம் உருவமாகக் கணக்குப் பார்ப்பவர் இந்த இடத்தில் டிரம்மரை வெட்டிவிடுவார், அத்தோடு வரிசையும் பாதியில் நிற்கும்.

பட்டாலியனாகக் கணக்குப் பாருங்கள். 10 சிற்பம், 1500 பவுண்ட். 24 வார்ப்பில் மிஞ்சுவது 14.40. ஆக 105 பட்டாலியன் விற்றால் முதல் திரும்பும். நான்கு பட்டாலியன் வாங்கி ஒரு பிரிகேடை நிறுத்துபவர்கள் 27 பேர் இருந்தால் போதும். அந்த 27 பேரும் கசடோர் இல்லாமல் பிரிகேடை முடிக்க முடியாது, எனவே இரண்டாவது தொகுதி கசடோர்தான். அச்சுச் செலவையும் மாதிரிகளுக்கு வண்ணம் தீட்டும் கூலியையும் இதன்மேல் கூட்டுங்கள். இந்த இரண்டையும்தான் பலர் மறக்கிறார்கள்.

லூசிட்டேனிய லீஜியன்மேல் கண் போகும். ராபர்ட் வில்சன் 1808இல் திரட்டிய பச்சைச் சட்டைப் படை, கதைகள் நிறைய. ஆனால் 1811இல் அதைக் கலைத்துக் கசடோர் பட்டாலியன்களாக்கிவிட்டார்கள். ஒருவர் ஒரு முறை வாங்கும் சரக்கு, கடைசியில் வைத்துக்கொள்ளலாம். குதிரைப்படையும் அப்படியே: ஏட்டில் 12 ரெஜிமெண்ட், களத்தில் எப்போதும் குதிரைத் தட்டுப்பாடு. பீரங்கிக் குழு ஒன்று வேண்டும், நான்கைந்து ஆட்கள் போதும்.

அச்சும் வார்ப்பும்

கையால் எபாக்ஸிக் களிமண்ணில் செய்த மூல உருவம் ரப்பரைச் சூட்டில் இறுக்கும் வல்கனைசிங் அழுத்தியின் 150, 160 டிகிரி வெப்பத்தையும் அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்கும். உள்ளே கம்பிச் சட்டகம் இருக்க வேண்டும், களிமண் முழுதாக இறுகியிருக்க வேண்டும். கணினியில் வடித்து ரெசினில் அச்சிட்ட மூல உருவம் அப்படியல்ல, சாதாரண ரெசின் அந்த அழுத்தத்தில் துப்பாக்கியோடு நொறுங்கும். வெப்பம் தாங்கும் ரெசின் வாங்குங்கள், இல்லையேல் அறை வெப்பத்தில் இறுகும் சிலிக்கானில் முதல் அச்செடுத்து உலோக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்டினம் வகைச் சிலிக்கான் சரியாக உலராத ரெசின்மேல் பட்டால் தொடும் பரப்பில் இறுகாமல் பிசுபிசுக்கும். தகர வகை அதில் தொல்லை தராது.

சிற்பத்தை ஏற்கும் முன் அச்சு இரண்டாகப் பிரியும் கோட்டை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கைக்கும் உடலுக்கும் நடுவே துளை, ரொட்டிப் பைக்குப் பின்னால் குழிவு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் வாளுறை: இவை மூன்றும் ரப்பரைக் கிழிக்கும். துளைகளை அடைத்துவிட வேண்டும். பிரியும் கோடு முகத்தின் குறுக்கே ஓடக்கூடாது. தொப்பியின் பக்கத்திலும் கையின் வெளிப்புறத்திலும் ஓடினால் அரத்தால் இரண்டு இழுப்பில் போய்விடும்.

உற்பத்தி அச்சைப் பாக்கெட் வாரியாகப் பிரியுங்கள். சுழற்றி வார்க்கும் வட்ட அச்சில் 16 இடம் இருந்தால் நான்கு ஃபியூசிலியர் விதம் தலா நான்கு, அதாவது ஒரு சுழற்சியில் இரண்டு பாக்கெட். தலைமை உருவங்களுக்குத் தனி அச்சு. எல்லோரையும் ஒரே அச்சில் போட்டால் ஃபியூசிலியர் தேவைப்படும்போதெல்லாம் டிரம்மரும் சேர்ந்து விழுவான், மாதக் கடைசியில் பெட்டி நிறைய டிரம்மர்கள் இருப்பார்கள். கனமும் ஒத்திருக்க வேண்டும். குதிரையையும் தனித் தலைகளையும் ஒரே வட்டில் வைத்தால் ஒன்றுக்கு ஏற்ற வேகம் மற்றதற்கு ஒத்துவராது, தலைகள் நிரம்பாமல் வரும் அல்லது குதிரையின் ஓரங்களில் உலோகம் பிதுங்கும்.

முதல் வார்ப்பில் பயனெட் நுனி நிரம்பவில்லையென்றால் உலோகத்தின் சூட்டை ஏற்றுவதற்கு முன் காற்று வெளியேறும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. சூட்டை ஏற்றினால் அச்சு சீக்கிரம் கருகும்.

ரப்பர் அச்சு சில நூறு சுழற்சிகளில் தேயும். ஓரங்கள் மழுங்கும், பொத்தான்கள் மறையும். புதிய அச்சுக்கு மூல வார்ப்புகள் வேண்டும். மூல அச்சிலிருந்து உற்பத்திக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு நகலை முதல் நாளே எடுத்து, ஒரு பாதியை எண் எழுதிய பெட்டியில் பூட்டிவிடுங்கள். விற்பனைக்கு வார்த்த உருவத்தையே மூலமாக வைத்து அடுத்த அச்செடுத்தால் இன்னொரு தலைமுறைச் சுருக்கம் ஏறிவிடும். மூன்றாம் ஆண்டில் வாங்கும் ஃபியூசிலியர் முதலாண்டில் வாங்கிய சார்ஜெண்டின் தோளுக்குத்தான் வருவான்.